கலாசாலைப் பெண்களும் அகில இந்திய டென்னிஸ் பந்தயமும்

முத்துச் சலாபம் நடந்துவந்த காலத்தில் நமது கடற்கரையில் நல்ல வழக்கமொன்று இருந்தது. படகுகளைக் கடலுக்கு அனுப்புமுன் அதிகாரிகள் பார்களைப் பரீட்சை செய்வார்கள். மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களைத் தரம் பிரித்து மதிப்பிடுவார்கள். சிப்பி முதிர்ந்திருக்கிறதென்று கண்ட பிறகுதான் சலாபம் அறிவிக்கப்படும். முதிராத பாரில் இறங்கினால் இவ்வருஷத்து முத்தும் இல்லை, வரும் வருஷங்களின் முத்தும் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1961-ஆம் வருஷத்திற்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை. ஆயினும் அந்தப் பரீட்சையிலுள்ள விவேகம் நமக்கு இன்றும் வேண்டியதாயிருக்கிறது.

நமது தென்பாண்டிச் சீமையின் கலாசாலைப் பெண்கள் அகில இந்திய சர்வகலாசாலைகளின் டென்னிஸ் பந்தயத்தில் ஜயமடைவார்களா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த வழக்கமே நமது நினைவுக்கு வருகிறது. கேள்வி நல்ல கேள்விதான். பெண்கள் பந்தாடுவதா என்று முகம் சுளித்த காலம் போய், ஜயிப்பார்களா என்று கேட்கும் காலம் வந்திருப்பதே ஒரு முன்னேற்றம். ஆனால் பந்தயம் நடக்கும் வாரத்தில் மட்டும் கேட்கப்படும் கேள்வியால் பயனில்லை. பாரில் சிப்பி வளர நாம் என்ன செய்திருக்கிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பந்தயத்தின் அமைப்பைச் சிலர் அறியாதிருக்கலாம். 1925-ஆம் வருஷத்தில் தோன்றிய இந்தியச் சர்வகலாசாலைகளின் சங்கம் இப்பந்தயங்களை நடத்துகிறது. ஒரு கலாசாலையின் கோஷ்டி நேராக அகில இந்தியப் பந்தயத்திற்குச் சென்றுவிட முடியாது. தனது சர்வகலாசாலையைச் சேர்ந்த மற்றக் கலாசாலைகளுடன் முதலில் அது ஆட வேண்டும். அங்கே நன்றாக ஆடிய பெண்களைப் பொறுக்கியெடுத்துச் சர்வகலாசாலையின் கோஷ்டி அமைக்கப்படுகிறது. அக்கோஷ்டி தென்மண்டலத்தில் போட்டியிட்டு முன்வரிசையில் நின்றால்தான் மற்ற மண்டலங்களின் கோஷ்டிகளை எதிர்க்கும் வாய்ப்புக் கிடைக்கும். 2020-ஆம் வருஷத்தில் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா சர்வகலாசாலை விளையாட்டுக்களுக்கும் இப்படிகளில் ஏறித் தகுதி பெற்றவர்களே அழைக்கப்படுகிறார்கள்.

இந்த அமைப்பிலேயே நமது ஜில்லாக்களுக்கு ஓர் இடையூறு இருக்கிறது. 1990-இல் ஸ்தாபிக்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலை பல ஜில்லாக்களில் பரவிக் கிடக்கும் கலாசாலைகளைத் தன்னுள் அடக்கியது. பாளையங்கோட்டையில் 1895 முதல் நடந்துவரும் சாரா டக்கர் கலாசாலையிலிருந்து ஒரு பெண்ணும், தூத்துக்குடியில் 1948 முதல் நடந்துவரும் புனித மரியன்னை கலாசாலையிலிருந்து ஒரு பெண்ணும், நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண்ணும் ஒரே கோஷ்டியில் சேரலாம். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்குப் பந்தயத்துக்கு முன்னுள்ள சில தினங்களே கிடைக்கும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் யார்? ஒரே வளாகத்தில் குடியிருந்து, ஒரே பயிற்சியாளரிடம், வருஷம் முழுவதும் சேர்ந்து பழகியவர்கள். சென்னையை அடுத்த எஸ்.ஆர்.எம். போன்ற சர்வகலாசாலைகள், சிறுவயது முதல் ஆடிப் பெயரெடுத்த பெண்களை உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அதை நாம் குறை கூறவில்லை. பணமுள்ளவர்கள் விளையாட்டுக்குச் செலவிடுவது நன்றே. ஆனால் நமது பெண்கள் தோற்றால் அவர்களது கைத்திறனை மட்டும் பழிப்பது நியாயமன்று என்று சொல்கிறோம்.

டென்னிஸ் தனி மனிதரின் ஆட்டமென்று பலர் நினைக்கிறார்கள். கோஷ்டிப் பந்தயத்தில் அது முற்றிலும் உண்மையன்று. தேசங்களுக்கிடையில் நடைபெறும் பில்லி ஜீன் கிங் கோப்பையில் இரண்டு தனியாட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் உண்டு. ஒரு வீராங்கனை எவ்வளவு சிறந்தவளாயினும், தன் தனியாட்டத்தில் ஒரு வெற்றியைத்தான் தரக்கூடும். சானியா மிர்சா தனியாட்டத்தில் உச்சத்தில் விளங்கிய வருஷங்களில் இந்திய ஸ்திரீகளின் கோஷ்டி அக்கோப்பையின் உலகத் தகுதிச்சுற்றை எட்டவில்லை. 2020 மார்ச்சில் துபாயில் அது முதன்முறையாக எட்டப்பட்டது. அன்று இந்தோனேஷியாவுடன் நடந்த போட்டியில் முதல் தனியாட்டம் கைவிட்டுப் போயிற்று. அங்கிதா ரெய்னா தமது தனியாட்டத்தை வென்று சமப்படுத்தினார். பிறகு சானியாவும் அங்கிதாவும் சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தை வென்றார்கள். இரண்டாமவர் ஒருவர் இருந்ததனாலேயே முதல்வரின் திறமை பயன்பட்டது. நமது கலாசாலைகள் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் தெளிவானது. ஒரு நட்சத்திரத்தைத் தேடி அலைவதைவிட, நால்வரைச் சேர்த்துப் பழக்குவதே கோஷ்டியை உண்டாக்கும் வழி.

இனி நமது மண்ணையும் காற்றையும் பற்றிச் சில வார்த்தைகள். டென்னிஸ் ஆட்டக்களம் 78 அடி நீளம். இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலம். நான்கு பக்கமும் ஓடுவதற்கு இடம் விட்டுச் சுமார் 120 அடிக்கு 60 அடி நிலமிருந்தால் ஒரு களம் அமையும். கயத்தாற்றிலும் கோவிற்பட்டியிலும் அவ்வளவு நிலத்துக்கா பஞ்சம்? கரிசல் நிலம் கோடையில் வெடிக்கும், மழையில் ஒட்டும் என்பது உண்மையே. மேல்மண்ணை வெட்டியெடுத்துச் சரளை நிரப்பி, அதன்மேல் களம் போட வேண்டும். கண்மாய்க் கரை கட்டத் தெரிந்த ஜனங்களுக்கு இது ஒரு பெரிய வித்தையன்று. இதைவிடக் கடினமான விஷயம் பருவமே. சர்வகலாசாலைப் பந்தயங்கள் பெரும்பாலும் வருஷத்தின் பிற்பகுதியில் வருகின்றன. நமது ஜில்லாவில் மழை பெய்வதும் ஐப்பசி, கார்த்திகையில்தான். கூட்டாகப் பழக வேண்டிய நாட்களில் மண் களங்கள் சேறாய்விடுகின்றன. ஆதலால் நீர் தேங்காத கெட்டித் தளமொன்றாவது பெண்களுக்குக் கிடைக்கும்படி செய்வது அவசியம்.

காற்றோ வேறு விதம். கயத்தாற்றுச் சமவெளியில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றின் வலிமைக்குச் சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. ஸர்வீஸ் போட உயர எறிந்த பந்து நினைத்த இடத்தில் இறங்குவதில்லை. இதையும் ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காற்றில் பழகியவள் பந்தைத் தாழ்வாக எறியவும், காலைச் சிறுகச் சிறுக நகர்த்தி இடம்பிடிக்கவும் கற்றுக்கொள்கிறாள். அமைதியான களத்தில் அவை அவளுக்குக் கூடுதல் பலமாகும். வறண்ட பூமி உழவனுக்குக் கற்பித்த உறுதியைக் காற்று நமது பெண்களுக்குக் கற்பிக்கட்டும்.

தமிழ்ப் பெண்களுக்கு இவ்வாட்டம் வருமா என்று இன்னமும் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியப் பெண்ணொருவர் விம்பிள்டனில் முதன்முதலாக ஓர் ஆட்டத்தை வென்றது 1934-ஆம் வருஷத்தில். அவர் லீலா ராவ். அவருடைய அன்னையார் க்ஷமா ராவ் சம்ஸ்கிருதத்தில் காவியங்கள் இயற்றிய பண்டிதை, டென்னிஸிலும் தேர்ந்தவர். வித்தையும் விளையாட்டும் ஒரே வீட்டில், ஒரே ஸ்திரீயிடத்தில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? 1998-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தின் பிரதான சுற்றில் தனியாட்டத்தை வென்று, நவீன காலத்தில் அப்பேறு பெற்ற முதல் இந்தியப் பெண்ணானவர் நிருபமா வைத்தியநாதன், கோயமுத்தூரில் பிறந்தவர். 2025 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் தகுதிச்சுற்றிலிருந்து புறப்பட்டு அரையிறுதி வரை முன்னேறியவர் மாயா ராஜேசுவரன் என்ற பதினைந்து வயதுச் சிறுமி. அவரும் கோயமுத்தூர்ப் பெண்ணே. சிறுவாணித் தண்ணீரிலா டென்னிஸ் கலந்திருக்கிறது? களங்களிருக்கின்றன, கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள், காலையில் மகளை அழைத்துச் செல்லும் தகப்பனார்கள் இருக்கிறார்கள். நமது சீமையும் இவ்வாட்டத்துக்கு அந்நியமன்று. 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960-லும் 1961-லும் பெரியவர்களின் அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில்தான். ஆண்மகனுக்கு வந்தது பெண்மகளுக்கு வராதென்பது எந்த சாஸ்திரம்?

கலாசாலையில் ஆடுவது வெறும் பொழுதுபோக்கு, உயர்ந்த ஆட்டத்துக்கு அது வழியாகாது என்று கூறுவோரும் உளர். அவர்களுக்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. 2025 நவம்பர் 2-ஆம் தேதி நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓப்பன் பட்டத்தை வென்றவர் ஜானிஸ் ஜென் என்ற இந்தோனேஷியப் பெண். அவர் அமெரிக்காவில் பெப்பர்டைன் சர்வகலாசாலையின் கோஷ்டியில் ஆடிப் படித்துப் பட்டம் பெற்றவர். வர்ஜீனியா சர்வகலாசாலையில் ஆடி 2014-லும் 2016-லும் அத்தேசத்துக் கலாசாலைப் பட்டத்தை வென்ற டேனியல் காலின்ஸ், 2022-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தின் இறுதியாட்டம் வரை சென்றார். இவையெல்லாம் தாமாக நிகழ்ந்தவை அல்ல. அரசாங்கத்தின் பொருளுதவி பெறும் கல்விச்சாலைகளில் ஆண், பெண் என்று வித்தியாசம் பாராட்டலாகாதென்று 1972-இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. ஆண்களுக்கு மைதானமும் பயிற்சியாளரும் பிரயாணச் செலவும் கொடுக்கும் கலாசாலை பெண்களுக்கும் நியாயமான வாய்ப்பளிக்க வேண்டியதாயிற்று. பத்து வருஷங்களில், 1982-இல், அங்குள்ள பெரிய கலாசாலைச் சங்கம் பெண்களுக்கென்று தேசிய டென்னிஸ் பந்தயம் தொடங்கிற்று. சட்டம் முதலில், களம் பிறகு, வீராங்கனைகள் அதன் பிறகு. வரிசையை மாற்றி வீராங்கனைகளை முதலில் காட்டு என்று கேட்பது, விதைக்காமல் அறுவடை கேட்பதாகும்.

டென்னிஸ் தனவந்தர்களின் ஆட்டமென்றும், வெள்ளைக்காரத் துரைகள் விட்டுச்சென்ற மிச்சமென்றும் நமது தேசாபிமானிகளில் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஜில்லாத் தலைநகரங்களில் துரைகளின் கிளப்புகள் இருந்ததும், இந்தியர் அங்கே பந்து பொறுக்கிக்கொடுக்கும் பையன்களாக மட்டும் நுழைந்ததும் நாம் அறிந்த சரித்திரமே. பிறகு உத்தியோகஸ்தர்களும் நம்மைப் போன்ற வக்கீல்களும் அக்களங்களில் இறங்கினோம். அந்தியில் நாம் ஆடும் களத்தில் நமது பெண்மக்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினோமா என்று எத்தனை பேர் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும்? துரைகளின் வேலியை அகற்றிவிட்டு அதே இடத்தில் நமது வேலியை நட்டோமானால், சுதந்திரத்தின் பலன் பாதிப்பேருக்கே கிடைத்ததாகும். பணமுள்ளவர்களின் ஆட்டம் என்ற குறை நீங்க வழி, பொதுக் களம் கட்டுவதே, ஆட்டத்தை விட்டுவிடுவதன்று.

மற்றோர் ஆட்சேபம் வீட்டிலிருந்து வருகிறது. படிப்புக் கெடும், வெயிலில் நிறம் கறுக்கும், குட்டைப் பாவாடை உடுத்தி ஆண்கள் பார்க்க ஓடுவதா, நாளை வரன் வரும்போது என்ன சொல்வது என்கிறார்கள். மேடையில் ஸ்திரீ விடுதலையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, வீட்டில் இவ்வார்த்தைகளைப் பேசுகிற நண்பர்களையும் நாம் அறிவோம். எட்டயபுரம் நமக்கு எட்டிய தூரம். அங்கே பிறந்த கவியின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள், தங்கள் பெண் விடியற்காலையில் மட்டையுடன் வாசற்படி இறங்கும்போது வழிமறிக்காமலிருந்தால் அதுவே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. உடையைப் பற்றிய கவலை மிகுதியானால், முழங்கால் மறைய உடுத்தி ஆடட்டும். ஆட்டம் காலில் இருக்கிறதேயன்றித் துணியின் அளவில் இல்லை. வரனைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஒன்று சொல்வோம். விளையாட்டில் சிறந்தவர்களுக்கு உத்தியோகங்களில் தனி ஒதுக்கீடு தமிழ்நாட்டில் உண்டு. தன் காலில் நிற்கும் பெண்ணுக்கு வரன் குறைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

வேண்டுமென்று மனம் வைத்தால் இக்கரிசல் மண்ணில் என்ன விளையும் என்பதற்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. கயத்தாற்றிலிருந்து அரைமணிப் பிரயாணத்தில் கோவிற்பட்டி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன அவ்வூர் ஹாக்கிக்கும் பெயர் பெற்றிருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் பந்தயத்தை அவ்வூரார் நடத்திவருகிறார்கள். செயற்கைப் புல் மைதானமும் விளையாட்டு விடுதியும் அங்கே இருக்கின்றன. 2022-இல் ஆசியக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற இந்தியக் கோஷ்டியில் கோவிற்பட்டி இளைஞர் மாரீசுவரன் சக்திவேல் இடம்பெற்றார். ஹாக்கி இம்மண்ணில் முளைத்த செடியா? அதுவும் வந்த ஆட்டமே. ஊரார் தண்ணீர் ஊற்றினார்கள்; வேர் பிடித்தது. அந்தத் தண்ணீரில் ஒரு குடத்தைப் பெண்களின் டென்னிஸுக்கு ஊற்றும்படியே நாம் கேட்கிறோம்.

ஆகவே, ஜயமடைவார்களா என்ற கேள்விக்கு நமது விடை இது. அகில இந்தியப் பட்டத்தை உடனே எதிர்பார்க்க நாம் துணியவில்லை. அப்படி ஆசை காட்டுவது பெண்களின்மேல் பாரம் ஏற்றுவதாகும். தென்மண்டலத்திலேயே சென்னையும், ஐதராபாத்தின் உஸ்மானியாவும் போன்ற பழகிய கைகள் இருக்கின்றன. ஆனால் மண்டலத்தில் ஓரிரு சுற்றுக்களை உறுதியாக வெல்லும் கோஷ்டியை இரண்டு வருஷங்களிலும், மண்டலத்தைத் தாண்டும் கோஷ்டியை நான்கைந்து வருஷங்களிலும் உண்டாக்க முடியுமென்று நாம் பூரணமாக நம்புகிறோம். இன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளியிலிருக்கும் சிறுமியே அன்று கலாசாலைக் கோஷ்டியின் முதல்வியாக நிற்பாள். அவளது கையில் இன்று மட்டை இருக்கிறதா என்பதே கேள்வி.

அதற்காக நாம் வற்புறுத்துபவை அதிகமில்லை. முதலாவது, சர்வகலாசாலை தனது பெண்கள் கோஷ்டியைப் பந்தயத்துக்குச் சில தினங்களுக்கு முன்னன்றி, வருஷ ஆரம்பத்திலேயே தெரிந்தெடுத்து, மாதந்தோறும் ஒருமுறையாவது ஓரிடத்தில் கூட்டிப் பழக்க வேண்டும். இரண்டாவது, பந்தயத்துக்குச் சென்ற நாட்களை வகுப்புக்கு வந்த நாட்களாகக் கணக்கிட்டு, தவறிய பரீட்சையைப் பிறகு எழுத இடமளிக்க வேண்டும். படிப்பா விளையாட்டா என்று ஒரு பெண்ணை நிறுத்திவைத்துக் கேட்பது கொடுமை. மூன்றாவது, துணைக்கு ஓர் ஆசிரியையும், பத்திரமான தங்குமிடமும், முன்பதிவு செய்த ரெயில் பிரயாணமும் கிடைக்கச் செய்ய வேண்டும். பெற்றோர் மறுப்பதற்குச் சொல்லும் காரணங்களில் பாதி இதனாலேயே மறைந்துவிடும். நான்காவது, கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் பள்ளிச் சிறுமிகளுக்கென்று நேரம் ஒதுக்கிய பொதுக் களங்கள் ஏற்பட வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒட்டப்பிடாரத்திலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடியில் தொழில் நடத்திய ஒரு வக்கீல், 1906-ஆம் வருஷத்தில், வெள்ளையர் கப்பலைத் திட்டிப் பிரசங்கம் செய்வதோடு நிற்கவில்லை. ஊர் ஊராய்ச் சென்று பங்கு சேர்த்தார், கம்பெனி ஏற்படுத்தினார், காலியாவும் லாவோவும் துறைமுகத்தில் வந்து நின்றன. சமுத்திரத்தில் கப்பல் விடப் பங்கு சேர்ந்த ஜில்லாவில், 120 அடி நிலத்தில் ஒரு களம் போடப் பங்கு சேராதா? வக்கீல்களும் வர்த்தகர்களும் ஆளுக்கொரு பங்கு எடுக்கட்டும். இலாபம் கேட்காத பங்கு. ஜில்லாவிலுள்ள வக்கீல் நண்பர்களுக்கு முதலில் இதைச் சொல்கிறோம். நமது பங்கையும் இதில் சேர்த்துக்கொள்கிறோம்.

1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மன் தூக்கிலேறிய ஊர் கயத்தாறு. அந்த இடத்தில் மாலை சாத்தி வீரம் பேசுவது நமக்குக் கைவந்த வழக்கம். வீரம் என்பது மாண்டவர்களைப் பாடுவது மட்டுமன்று. வாழ்கின்றவர்களுக்கு வழி விடுவதும் வீரமே. கோஷ்டி ஜயித்துத் திரும்பும் நாளில் ரெயிலடிக்கு மாலையுடன் வருபவர் பலர் இருப்பார்கள். தோற்றுத் திரும்பும் நாளில் வந்து, நாளைக் காலை களம் திறந்திருக்கும், வாருங்கள் அம்மா என்று சொல்பவர் எத்தனை பேர்? அப்படிப் பத்துப்பேர் நமது ஜில்லாவில் சேர்ந்த வருஷத்தில், ஜயமடைவார்களா என்று யாரும் நம்மிடம் வந்து கேட்க வேண்டியிராது.